6 குடம் தண்ணீர்

படிவத்தில் ‘தண்ணீர்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ‘50 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கு 6 குடம்’ என்று எழுதிவிட்டேன்.

தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்த் தொழிலைப் பதிவு செய்யும் வேலை. கல் தீர்ந்துபோய் நின்ற தொழில் அல்ல இது. 1949இல் அங்கே சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. காளவாயில் 900 டிகிரியில் வேகும் அதே கல், ஆலையில் 1450 டிகிரியில் கிளிங்கராகிறது, அதாவது சிமெண்டுக்கு அரைக்கும் கட்டியாகிறது. சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகும். சுண்ணாம்புக் காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து மாதக்கணக்கில் இறுகும். அதற்குக் காத்திருக்க யாருக்கு நேரம்?

காளவாயில் கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு. கல் பெரிதானால் நடு வேகாது. பொடியானால் காற்று ஏறாமல் கங்கு அணையும். நன்றாக வெந்தால் 100 கிலோ கல் 56 கிலோவாகும். காளவாய் போடும் அண்ணாச்சி ஒரு கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே வெந்ததா என்று சொல்லிவிடுவார். அன்றைக்கும் சொன்னார்.

“இது அரைவேக்காடு தம்பி. இதை வச்சுக் கணக்கு எழுதிராதிய.”

“அப்ப எத்தனை குடம்னு போட, அண்ணாச்சி?”

“கல்லு கேக்குற அளவு.”

வெந்த கல் தண்ணீரைக் குடித்துக் கொதித்துப் பொடிந்து சுண்ணாம்பாவதுதான் நீறுவது. வேகாத கல் தண்ணீர் குடிக்காது. ஆகவே அந்த 6 குடம் நல்ல கல்லுக்குப் பற்றாது. தண்ணீர் குறைந்தால் கல் தன் சூட்டிலேயே கருகிக் கட்டிபடும், அரைத்தாலும் நெறுநெறுக்கும். பூசிய பிறகு சுவருக்குள் மெல்ல நீறி, உப்பி, காரையைப் பெயர்த்துத் தள்ளும். மொத்தமாகக் கொட்டினாலும் சூடு செத்து நீறாது. கொதியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ஊற்றினார். நான் குடத்தை மட்டும் எண்ணினேன்.

எண் இல்லாத பதிவை எந்தக் கொத்தனாரும் திறந்து பார்க்க மாட்டார். ‘பதமாக ஊற்றவும்’ என்று எழுதினால், பழைய சுவரில் சிமெண்டை அப்பிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாமல் உப்புப் பூத்து, சுவரே உதிரும். அதற்கு ஒரு தப்பான எண் மேல் என்று அப்போது பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. ஆனால் ‘கல் அரைவேக்காடு’ என்று பக்கத்தில் இரண்டு சொல் சேர்க்க இடம் இருந்தது. சேர்த்தால் பதிவு பலவீனமாகத் தெரியும் என்று விட்டேன். அண்ணாச்சியின் கைக்கணக்கு என்று தலைப்புப் போட்டு, அவர் வேண்டாம் என்ற கணக்கைக் கீழே வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு கோயில் மதில் வேலைக்காக ஒரு கொத்தனார் போன் செய்தார். சுண்ணாம்பு வந்து இறங்கிவிட்டதாம்.

“6 குடந்தானே சார்?”

“மொதல்ல 6 ஊத்துங்க. கொதி அடங்கலைன்னா இன்னும் ஊத்தணும்” என்றேன்.

“இன்னும்னா எத்தனை சார்?”