கயிற்றுப் பை: கூடுதுறை நாட்குறிப்பு

ஜூன் 8

ஆடிக் கூட்டத்துக்கு முன்னால் பவானி கூடுதுறையில் தன்னார்வலர்களுக்கு நீர்மீட்புப் பயிற்சி என்று தம்பி சொன்னான். பெயர் கொடுத்துவிட்டேன். குமாரபாளையத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் பவானி. ஞாயிற்றுக்கிழமை தறிப்பட்டறைக் கணக்கு எழுதும் வேலையும் இல்லை.

எங்கள் பக்கம் கடல் கிடையாது. காவிரி, பவானி, நொய்யல், அமராவதி, அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. நான் நீச்சல் பழகியது அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில். மிதப்பதற்கு முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டி மேலிருந்து தள்ளிவிட்டார். அப்போது எனக்கு ஆறு வயது. அடுத்த கோடையில் புருடை இல்லாமல் தலைகீழாகப் பாய்ந்தேன்.

மாஸ்டர் தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றவர். முதல் வேலையாக எல்லோரையும் நீந்தச் சொன்னார். பதினான்கு பேரில் மூன்றாவதாக வந்தேன். காலேஜ் பசங்களெல்லாம் எனக்குப் பின்னால்தான். மூச்சு வாங்காத மாதிரி படியேறி நின்றேன்.

"நல்லா நீந்தறீங்க அம்மிணி. அதுனாலதான் உங்கள நெனச்சா எனக்குப் பயமா இருக்குது" என்றார். இது என்ன பாராட்டு?

ஜூன் 15

இன்று விளங்கிவிட்டது.

வாட்டசாட்டமான ஒரு பையனை முழுகுகிறவனாக நடிக்கச் சொல்லி என்னை அனுப்பினார். நாலே கையில் அவனிடம் போய்விட்டேன். அவன் என் தலையைப் பிடித்து, தோளில் முட்டி வைத்து, ஏணியில் ஏறுவது போல ஏறிவிட்டான். நடிப்புத்தான், தெரியும். ஆனாலும் மூக்கில் தண்ணீர் ஏறி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனது. விலக்கித் தள்ளாதீர்கள், கீழே முழுகுங்கள், மேலே போகத் துடிக்கிறவன் தானாக விட்டுவிடுவான் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவேண்டுமே!

கம்பு எட்டினால் நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றை வீசு. அதற்கும் எட்டாவிட்டால் பரிசலில் போ. எதுவுமே இல்லையென்றால்தான் நீந்து, அதுவும் மிதவையோடு. வரிசை இதுதான், மாற்றக்கூடாது. 2020இல் பெரம்பலூர் பக்கம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் முழுகிய பசங்களுக்கு மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்களே, இரண்டு பேர் பிழைத்தார்கள். அரசாங்கம் அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. "அஞ்சரை மீட்டர் கவுறு ஒவ்வொரு ஊட்லயும் கொடில காயுது" என்றார் மாஸ்டர்.

கீழ்பவானி வாய்க்காலில் விழுந்த பையனை எடுக்கப் போன மாமா ஒருவர் எங்கள் சொந்தத்தில் உண்டு. பையனும் வரவில்லை, மாமாவும் வரவில்லை. ஊரிலேயே நல்ல நீச்சல்காரர் அவர்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் நினைப்பு.

ஜூன் 29

பூராவும் கயிறு. சின்னப் பைக்குள் இருபது மீட்டர் மிதக்கும் கயிறு. வாய்ப்பக்கத்து முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு பையை வலது கையால் வீச வேண்டும். பை பறக்கப் பறக்கக் கயிறு உருவி வரும்.

அம்மா கொடிக்கயிற்றைச் சுற்றி வைக்கிற மாதிரி அழகாக வளையம் வளையமாகச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். வீசினால் மூன்றாவது மீட்டரிலேயே முடிச்சு. பை சொத்தென்று விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சுற்றவே கூடாதாம். மூட்டையில் பஞ்சு அடைக்கிற மாதிரி பிடி பிடியாகத் திணிக்க வேண்டும். பார்க்க அலங்கோலமாக இருக்கிறது, ஆனால் சிக்காமல் வருகிறது. ஆளைக் குறி வைக்காமல், தலைக்கு மேலே தாண்டிப் போகிற மாதிரி வீச வேண்டும். அப்போதுதான் கயிறு தோளில் விழும்.

முப்பது தடவை வீசினேன். பதினொன்று சரியாகப் போனது.

ஜூலை 6

பொம்மைக்கு நெஞ்சழுத்தம். ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. முழுகியவருக்குக் காற்றுத்தான் முதல் தேவை, அதனால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு முப்பது அழுத்தம், இரண்டு ஊதல். 108க்கு இன்னொருவர் கூப்பிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் என் கை நடுங்கியது.

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது. இதைச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "நாங்க எத்தன பேரச் சுத்தியிருக்கறோம்!" என்றார். அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13

தோள் வலி. தைலம். அவ்வளவுதான்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

விடியற்காலை நாலரைக்கே என்னைப் படியில் நிறுத்திவிட்டார்கள். எள், பிண்டம், வாழை இலை, ஈரத்துணி. தர்ப்பணம் முடித்தவர்கள் உடுத்தின துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அது படிக்குக் கீழே பாசியோடு கிடந்து காலைச் சுற்றுகிறது. யாரிடம் சொன்னாலும், "சாஸ்திரம்ங்க" என்கிறார்கள்.

முழுகுகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைத்திருந்தேன். மூச்சுக்கே வழியில்லாதவர் எங்கே கத்துவது? வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். மாஸ்டர் பத்துத் தடவையாவது நடித்துக் காட்டியிருப்பார்.

எட்டு மணி சுமாருக்கு அதைப் பார்த்தேன். பதினைந்து வயது இருக்கும் பையன், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம். ஒரு சத்தம் இல்லை. அவன் அம்மா படியில் முதுகைக் காட்டிக்கொண்டு துண்டு பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே நாலு பேர் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

என் வலது கால் தண்ணீருக்குள் இருந்தது. நான் இறக்கியதாகவே தெரியவில்லை. முழங்கால் வரை நனைந்த பிறகுதான் கையில் பை இருப்பது உறைத்தது. காலைப் பின்னால் எடுத்து, விசிலடித்து, வீசினேன். ஒரு முழம் தள்ளி விழுந்தது. திரும்பத் திணிக்க நேரமில்லை. ஈரப் பையோடு இழுத்து, அப்படியே கையில் மடித்து மறுபடி வீசினேன். அவன் கழுத்துக்கு மேலே போய் விழுந்தது.

"கவுத்தப் புடி சாமி, கவுத்தப் புடி!"

பிடித்தான். பாதி தூரம் இழுத்ததும் மாஸ்டரின் மூங்கில் எட்டிவிட்டது. படியில் ஏற்றி ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். இருமினான், வாந்தி எடுத்தான். நல்லா இருக்கிறேன் என்றவனைக் கேட்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலாம்.

அவன் அம்மா முதலில் அவன் முதுகில் ஓர் அடி வைத்தார். பிறகு அழுதார். ஆம்புலன்ஸில் ஏறப் போனவர் திரும்பி என்னிடம் ஓடிவந்து, மடியிலிருந்த சுருக்குப் பையைத் திறந்தார்.

"எவ்வளவுங் அம்மிணி குடுக்கோணும்?"

எள்ளுக்கும் இலைக்கும் ஐயருக்கும் காலையிலிருந்து எண்ணி எண்ணிக் கொடுத்த கை அது. ஒன்றும் வேண்டாம், போங்க அக்கா என்று ஏற்றிவிட்டேன்.

பிறகு படியில் உட்கார்ந்து கயிற்றைத் திணிக்க ஆரம்பித்தேன். ஈரத்தில் கனத்தது. பத்தரை வரை இன்னும் என் முறைதான்.