முன்னங்காலின் பின்பக்கம்

2025 நவம்பர் 4, செவ்வாய்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு வகுப்பில், அறுத்துப் பார்க்க எங்கள் மேசைக்கு எருமைக் கன்றின் இடது முன்னங்கால் வந்திருக்கிறது. மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் உடல் கெடாமல் காக்கும் பார்மலின் நெடியில் கண் எரிந்தது. தோலை உரித்து, தசைகளை இறுக்கிப் போர்த்தியிருந்த வெள்ளை உறையைக் கீறி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முன்பக்கத்தில் இருப்பவை நீட்டு தசைகள். அவற்றைப் போன வாரமே பக்கத்து மேசையில் பார்த்துவிட்டோம். பின்பக்கத்து மடக்கு தசைகளைக் கண்டால்தான் எல்லோருக்கும் பயம்.

நவம்பர் 6, வியாழன்

உட்பக்கத்தில் ஃப்ளெக்சர் கார்ப்பி ரேடியாலிஸ் என்ற மெல்லிய தசையை விரலால் விலக்கினால் போதும், மீடியன் தமனியும் மீடியன் நரம்பும் ஒட்டிக்கொண்டு ஓடுவது தெரிகிறது. தமனியில் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பதால் குழப்பமில்லை. குழாய் ஒன்றுதான், அக்குளில் ஆக்சிலரி, மேற்கையில் பிரேக்கியல், முழங்கைக்குக் கீழே காமன் இன்டர்ஆசியஸ் என்ற கிளையைப் பிரித்துவிட்ட பிறகு மீடியன். மாட்டினத்தில் முன்னங்குளம்புகளுக்கு இரத்தம் போகும் பிரதான வழி இதுதான்.

நரம்பை மேல்நோக்கித் தேடிப் போனதில் அழகான ஒன்று கிடைத்தது. அக்குளில் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பும் மீடியன் நரம்பும் கீழே கைகோத்து நிற்க, அந்த வளைவில் தூளியில் கிடத்திய பிள்ளைபோல ஆக்சிலரி தமனி கிடக்கிறது. படத்தில் இதைப் பலமுறை பார்த்திருந்தும் இப்படி நின்று பார்க்கத் தோன்றியதில்லை.

நவம்பர் 8, சனி

விடுதியில் ஆளுக்கொரு தசைப் பட்டியலை உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பட்டியல் மனதில் நிற்காது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறதோ அங்கே போய்ப் பார்த்தால்தான் நிற்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றைய நாள் முழுவதும் ஒரே எலும்புக்குப் போனது. முன்னங்கால் முட்டியின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அக்சசரி கார்ப்பல். மாட்டைத் தடவிப் பார்த்தாலே கைக்குத் தட்டுப்படும் எலும்பு. மேலிருந்து இரண்டு தசைநாண்கள் பக்கத்தில் பக்கத்தில் இறங்கி அதைப் பற்றுகின்றன: உள்ளே ஃப்ளெக்சர் கார்ப்பி அல்னாரிஸ், வெளியே அல்னாரிஸ் லேட்டராலிஸ். இரண்டையும் மாறி மாறி இழுத்தேன். இரண்டுக்கும் முட்டி மடங்கியது. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அல்னர் நரம்பு ஓடுகிறது. ஆக, இரண்டுக்கும் அதுதான் கிளை தரும் என்று நினைக்கத் தோன்றும்.

"கிளையைத் தேடிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். தேடினோம். உள்தசைக்கு அல்னர் கிளை உடனே கிடைத்தது. வெளித்தசைக்கு அதிலிருந்து ஓர் இழைகூட இல்லை. அதற்கு நரம்பு முழங்கையின் வெளிப்புறத்திலிருந்து வருகிறது, நீட்டு தசைகளுக்கெல்லாம் உரிய ரேடியல் நரம்பிலிருந்து. பிறப்பில் நீட்டு தசைக் கூட்டத்தைச் சேர்ந்தது, இடம் பெயர்ந்து மடக்கும் வேலைக்கு வந்துவிட்டது. வேலை மாறியும் பழைய நரம்பை விடவில்லை. எந்தத் தசை எந்தக் கூட்டம் என்பதற்கு இனி நான் நரம்பைத்தான் சாட்சிக்கு அழைப்பேன்.

மாடு கெட்டித் தரையில் ஒரே பக்கமாக வெகுநேரம் படுத்துவிட்டால் ரேடியல் நரம்பு நசுங்கி முழங்கை தொங்கிப்போகும், குளம்பின் முன்பக்கம் தரையில் இழுபடும். மீடியனோ அல்னரோ தனியாகக் கெட்டால் நடையில் பெரிய மாறுதல் தெரியாதாம்.

நவம்பர் 16, ஞாயிறு

ஊருக்கு வந்தேன். சித்தப்பா வீட்டு ஜெர்சி கலப்புப் பசு ஈன்ற கன்று, முன்னங்கால்களில் குளம்புக்கு மேலுள்ள மூட்டை மடக்கி, அதன் முன்பக்கத்தையே ஊன்றி நடக்கிறது. "டாக்டருக்குப் படிக்கிறாய், நீயே பாரேன் கண்ணு" என்றார் சித்தப்பா. "முதல் வருடம்தான் சித்தப்பா, டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்றேன். வந்தவர் காலைக் கையால் நீட்டிப் பார்த்தார், நீண்டது. அப்படி நீண்டால் நல்ல அறிகுறி என்றார். பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, பஞ்சைத் தாராளமாகச் சுற்றி, பின்பக்கம் வைத்துக் கட்டினார். பஞ்சு குறைந்தால் புண்ணாகிவிடுமாம். கட்டுவதற்கு முன் காலின் பின்பக்கத்தைத் தொடச் சொன்னார். காலை நீட்டும்போது தோலுக்கு அடியில் விரல் மடக்கு தசைகளின் நாண்கள் முறுக்கேறி நின்றன, வெளியே மேலோட்டமானது, உள்ளே ஆழமானது. பார்மலினில் ஊறிய நாண் இப்படி விரலை எதிர்த்துத் தள்ளாது.

நவம்பர் 20, வியாழன்

எங்கள் மேசைக் காலில் அந்த இரண்டு நாண்களையும் குளம்புவரை பின்தொடர்ந்தோம். மேலோட்டமான தசைக்கு மாட்டினத்தில் இரண்டு வயிறுகள், அதாவது இரண்டு சதைப் பகுதிகள். ஒன்றின் நாண் முட்டியின் பின்பக்கத்திலுள்ள கார்ப்பல் குகைக்கு வெளியே இறங்குகிறது, மற்றது உள்ளே. கீழே சேர்ந்து, மறுபடி இரு விரல்களுக்குப் பிரிகின்றன. பிரிந்த ஒவ்வொன்றும் ஓர் உறையாக மாற, அதற்குள் நுழைந்து வெளியே வருகிறது ஆழமான நாண். மேலோட்டமானது நடு விரலெலும்போடு நின்றுவிட, ஆழமானது குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்பில் போய் ஒட்டுகிறது.

குதிரைக்கு ஒரே விரல் என்பதால் கணக்கு எளிது. ஆனால் அதன் மேலோட்ட நாணுக்கு முட்டிக்கு மேலுள்ள ரேடியஸ் எலும்பிலிருந்து தனியாக ஒரு தாங்கு நார் வருகிறது. தசைக்கு அதிகச் சிரமம் தராமல் குதிரை நின்றபடியே கண்ணயர முடிவதில் இந்த நாருக்கும் பங்குண்டு.

டிசம்பர் 2, செவ்வாய்

ஸ்பாட்டர் தேர்வு, அதாவது கொடி குத்திய உறுப்பைப் பார்த்து விடை எழுதும் தேர்வு. கொடி குத்தியிருந்த நரம்பு முழங்கைக்கு வெளிப்புறத்துக் கிளை, "எந்தத் தசைக்குப் போகிறது?" என்பது கேள்வி. அல்னாரிஸ் லேட்டராலிஸ் என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். கன்றுக்குக் கட்டை அவிழ்த்தாயிற்று என்று சித்தப்பா சொன்னார். வலது கால் சரியாக ஊன்றுகிறது, இடதில் லேசான மடிப்பு இன்னும் இருக்கிறது. தினமும் நடக்க விடச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர்.