காமிராவுக்கு முன்னால் முக்காடு

ஈரானியப் படம் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் ஒரு இடத்தில் விழிப்பார்கள். நடுச்சாமம், பூட்டிய வீடு, பக்கத்தில் கணவன். மனைவி முக்காட்டோடு தூங்குகிறாள். எந்த ஊரில் இப்படித் தூங்குவார்கள்? ஈரானிலும் தூங்குவதில்லை. கதைப்படி அவர் கணவன். சட்டத்தின் கண்ணிலோ, உடன் நடிக்கும் அந்நிய ஆண். லைட்மேனும் அந்நியர், நாளைக்குத் தியேட்டரில் உட்காரப்போகிற ஆண்களும் அந்நியர். மஹ்ரம் (கணவன், நெருங்கிய ரத்த உறவு) அல்லாதவர் முன் முடி தெரியக்கூடாது என்ற விதி கதாபாத்திரத்துக்கு அல்ல, நடிகைக்கு. ஆகவே அந்த முக்காடு உடையலங்காரக் கணக்கில் வராது. அது வேலையில் சேருவதற்கான நிபந்தனை.

இதைப் புரிந்துகொள்ளாமல் அங்குள்ள நடிகைகள் செய்வதை அளக்க முடியாது. 'முக்காட்டை எறிந்த நட்சத்திரம்' என்று நம் பத்திரிகைகள் ஒரு படத்தைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. எறிந்த மறுநாள் அவர் எந்த வேலைக்குப் போவார் என்பதுதான் கேள்வி.

தண்டனைச் சட்டம் 638-வது பிரிவின்படி, ஹிஜாப் இல்லாமல் பொதுவெளியில் தோன்றும் பெண்ணுக்கு 10 நாள் முதல் 2 மாதம் வரை சிறை அல்லது அபராதம். சினிமாவில் உண்மையான பூட்டு அதுவல்ல, அனுமதிச் சீட்டு. கலாச்சார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகத்திடம் முதலில் திரைக்கதையைக் கொடுத்துத் தயாரிப்பு அனுமதி வாங்க வேண்டும். எடுத்து முடித்த பிறகு படத்தைக் காட்டித் திரையிடும் அனுமதி. இரண்டாவது சீட்டு கிடைக்காவிட்டால் போட்ட பணம் முழுக்க முடங்கும். ஒரு நடிகையின் முடி தெரிந்தால் நட்டம் தயாரிப்பாளருக்கு. அவர் கஷ்டப்பட்டால் அடுத்த படத்தில் கூலி போவது மேக்கப்காரருக்கும் டிரைவருக்கும். போலீஸ் வரும் முன்பே கூட வேலை செய்கிறவர்களின் முகம் நடிகையைத் தடுத்துவிடும். அந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது.

படப்பிடிப்புத் தளத்தில் இது தினசரித் தலைவலி. காலர் மைக்கை மார்புப் பக்கம் துணிக்குள் ஒளித்தால், தலை திரும்பும்போதெல்லாம் முக்காடு உரசிச் சரசரவென்று வசனத்தைத் தின்னும். கன்டினியுட்டி பார்ப்பவர், நெற்றியில் எத்தனை விரல் அகலம் முடி தெரிந்தது என்று ஷாட்டுக்கு ஷாட் குறித்துவைக்க வேண்டும். வழுக்கும் துணி என்றால் ஒரு டேக்குக்குள்ளேயே பின்னுக்கு நழுவும். வெளிப்புறத்தில் காற்று வேறு. ஊசி குத்தி இறுக்கினால் அழுகிற காட்சியில் கழுத்து அசையாமல் பொம்மைபோல் நிற்கும்.

தொடுதல் இன்னும் சிக்கல். மகன் செத்த செய்தி கேட்டுத் தாய் சரிந்து விழுகிறாள். அண்ணனாக நடிப்பவர் தாங்கிப் பிடிக்க முடியாது. கை நெருங்கும் கணத்தில் வெட்டி வேறொரு முகத்துக்குப் போவார்கள். அல்லது இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தையை நிறுத்தி, இருவரும் அதைக் கட்டிக்கொள்வார்கள். அல்லது அவர் தன் கோட்டைக் கழற்றி, விரல் படாமல், அவள் தோளில் போடுவார். இந்த நெருக்கடியில் பிறந்த நுணுக்கத்தை உலகம் கொண்டாடியது உண்மை. அதற்காக நெருக்கடியைப் பாராட்டத் தேவையில்லை.

இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளையே பெரும்பாலும் தவிர்த்தார். வீட்டில் முக்காடு போடுவது பொய் என்பதால். 2002-ல் வந்த 'டென்' முழுக்கக் காருக்குள் நடக்கும். அதில் ஒரு பெண் முக்காட்டைத் தளர்த்துகிறாள், மொட்டைத் தலை. விதி முடியை மறைக்கச் சொல்கிறது. முடியே இல்லையென்றால்?

தளத்தை விட்டு வெளியே வந்தாலும் நிபந்தனை கூடவே வரும். 2008-ல் ஹாலிவுட் படமொன்றில் நடித்துவிட்டு அதன் வெளியீட்டு விழாவில் முக்காடில்லாமல் நின்ற நடிகை கோல்ஷிஃப்தே ஃபராஹானி நாட்டைவிட்டே போக நேர்ந்தது. 2014 கான் திரைப்பட விழாவில் நடிகை லைலா ஹாத்தமியின் கன்னத்தில் முத்தமிட்டவர் விழாத் தலைவர் ஷில் ஜாக்கோப். அவருக்கு வயது 83. மன்னிப்புக் கேட்டவர் லைலா.

2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி காவலில் செத்த பிறகு இந்தக் கணக்கே மாறியது. நடிகை தரானே அலிதூஸ்தி நவம்பர் 9 அன்று வெறுந்தலையோடு, குர்திய மொழியில் 'பெண், வாழ்வு, விடுதலை' என்று எழுதிய தாளைப் பிடித்தபடி படம் போட்டார். டிசம்பர் 17-ல் கைது, எவின் சிறை, ஜனவரி 4-ல் ஜாமீன். அவர் செய்ததில் பெரியது அந்தப் படமல்ல என்பேன். இனி முக்காடு போட்டு நடிப்பதில்லை என்ற முடிவுதான் பெரியது. அதற்கு அர்த்தம், அனுமதிச் சீட்டுள்ள எந்தப் படத்திலும் வேலை இல்லை என்பது.

தொப்பி விவகாரம் தனி. பழைய காலக் கதைகளில் காதுவரை இழுத்துவிட்ட தொப்பி முக்காட்டுக்குப் பதிலாகத் திரையில் ஒப்புக்கொள்ளப்படும். ஆனால் 2023-ல் நடிகை ஆசாதே சமாதி இறுதிச்சடங்கு ஒன்றுக்குத் தொப்பியோடு போனதற்கு, நீதிமன்றம் அவருக்கு ஆளுமைக் கோளாறு என்று சொல்லி மனநலச் சிகிச்சைக்குப் போகச் சொன்னது. இன்னொரு நடிகை அஃப்சானே பாயெகானுக்கு 2 ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, அத்துடன் வாரம் ஒருமுறை மனநல மையம். நோயைத் தீர்மானிப்பது நீதிபதியின் வேலையா என்று அந்நாட்டு மனநல மருத்துவச் சங்கங்களே எதிர்ப்புக் கடிதம் எழுதின. அதே ஆண்டு ஜூலையில் ஒரு குறும்பட விழா தடை செய்யப்பட்டது. போஸ்டரில் 1982-ல் எடுத்த 'யஸ்தகெர்தின் மரணம்' படத்து சூசன் தஸ்லிமி, தலையில் முக்காடில்லாமல் இருந்தார். நாற்பது வருடத்துக்கு முந்தைய முடி!

பாட்டுத் துறையிலும் இதுவே கதை. ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனியாகப் பாடக்கூடாது. 2024 டிசம்பரில் பரஸ்தூ அஹ்மதி பழைய சத்திரம் ஒன்றில், எதிரே ஒரு ரசிகர்கூட இல்லாமல், கையில்லாத உடுப்பில் பாடி யூடியூபில் ஏற்றினார். அவரோடு வாசித்தவர்களில் இருவரையும் சேர்த்துப் பிடித்தார்கள். கூட வேலை செய்கிறவரைத் தொட்டால் போதும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும்.

அதனால் இப்போது சிலர் சீட்டே கேட்பதில்லை. ஆள் குறைவு, காமிரா சின்னது, கூடியவரை வீட்டுக்குள். எடுத்ததை உடனுக்குடன் பிரதி எடுத்து நாட்டுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். 'புனித அத்தி மரத்தின் விதை' எடுக்கும்போது முகம்மது ரசூலோஃப் பல நாள் தளத்திலேயே இல்லை, தூரத்திலிருந்து இயக்கினார். மரியம் முகத்தமும் பெஹ்தாஷ் சனயீஹாவும் எடுத்த 'எனக்குப் பிடித்த கேக்' வேலை நடந்தபோது எடிட்டர் வீட்டில் சோதனை, ஹார்ட் டிஸ்க்குகள் பறிமுதல். அதற்குள் ஒரு பிரதி வெளிநாடு போய்விட்டது.

அதன் நாயகி 70 வயது விதவை. சமைக்கிறாள், ஒரு டாக்ஸி டிரைவரை வீட்டுக்கு அழைக்கிறாள், ஆடுகிறாள், தலையில் எதுவும் இல்லாமல். 2024-ல் பெர்லின் திரைப்பட விழாவில் படம் திரையேறியபோது இயக்குநர்களின் பாஸ்போர்ட் அரசிடம் இருந்தது. நாயகியாக நடித்த லில்லி ஃபர்ஹாத்பூர்தான் அவர்களின் புகைப்படத்தைப் பிடித்தபடி சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்.