ராத்திரிக்கு ஒரு ஆள்

"ஆராய்ச்சிக்கு ஒதுக்கற காசுல எங்க வீட்டுக்கு ராத்திரிக்கு ஒரு ஆள் போட்டுக் குடுங்க தம்பி, நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்"னு அந்த அக்கா, டிமென்ஷியாங்கற மறதி நோய் வந்தவங்கள வீட்ல பாத்துக்கறவங்க கூடற கேர்கிவர் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. "இப்ப ஆராய்ச்சி பண்ணாதான்க்கா பின்னாடி வர்ற குடும்பங்களுக்கு மருந்து கிடைக்கும்"னு சொன்னேன். "பின்னாடி வர்றவங்களுக்கு, சரி"ன்னுட்டு கிளம்பிட்டாங்க. மாமனார பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருந்தாங்க, நேரமாயிடுச்சு.

நான் சொன்னது தப்புன்னு இப்பவும் தோணல. டிமென்ஷியா வந்தவங்கள்ல 66 சதவீதம் பேர் நம்மள மாதிரி நாடுகள்ல இருக்காங்க, ஆய்வு 10 சதவீதம்கூட இங்க நடக்கலன்னுதான் 1998ல 10/66ன்னு ஒரு குழுவே ஆரம்பிச்சாங்க, சென்னையிலயும் வேலூர்லயும்கூட அவங்க ஆய்வு நடந்துச்சு. இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்குன்னு கம்பெனியோட சமூகப் பணிக் காச பாத்துக்கற ஒரு சிஎஸ்ஆர் ஆபீஸர்கிட்ட இன்னைக்கு என்னால சொல்ல முடியுதுன்னா யாரோ ஊர் ஊரா போய் ஆய்வு செஞ்சதாலதான. அது இல்லன்னா "வயசானா மறதி வர்றதுதான சார்"னு டீ குடுத்து அனுப்பிடுவாங்க.

ஆனா மருந்துன்னு ஏன் சொன்னேன்னுதான் திரும்பத் திரும்ப வருது. 1996ல வந்த டோனெபெசில்ங்கற மருந்து கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்ளோதான். 2023ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச லெகானெமாப்ங்கற மருந்து ஆரம்ப நிலையில இருக்கறவங்களுக்கு மட்டும், அதுவும் நோயோட வேகத்ததான் குறைக்குது. அக்காவோட மாமனார் சாயங்காலமானா சொந்த வீட்டுக்குள்ள நின்னுட்டே "என்ன வீட்டுக்கு கூட்டிட்டு போ"ன்னு கதவ இடிக்கறவரு, அவருக்கு இதுல எதுவும் இல்ல.

கோவா ஆய்வப் பத்தி சொல்லியிருக்கலாமோ? 81 குடும்பம், உள்ளூர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க, பாத்துக்கறவங்களோட மனச்சுமை குறைஞ்சுதுன்னு 2008ல வெளியிட்டாங்க. ஆராய்ச்சியும் உதவியும் வேற வேற இல்லக்கான்னு சொல்ல அத விட நல்ல உதாரணம் இல்ல. ஆனா அதுலயும் ஒரு பாதி குடும்பங்களுக்கு முதல்ல தகவல் மட்டும்தான், ஆறு மாசம் கழிச்சுதான் ஆள் வரும். "நான் எந்தப் பாதி தம்பி?"ன்னு அக்கா கேட்டிருப்பாங்க, அந்த ஆறு மாசம் ரெண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாக்காம உதவுதா இல்லையான்னு கண்டுபிடிக்கவும் முடியாது, இத தூங்காத ஒரு ஆள்கிட்ட எப்படி சொல்றது.

எங்க அமைப்புல அடுத்த வருஷ பட்ஜெட் பேசினப்போ ஆராய்ச்சித் தொகையில கொஞ்சம் எடுத்து ராத்திரி ஆளுக்கு குடுக்கலாம்னு நானே கை தூக்கினேன், அப்படி எடுக்கக் கூடாதுன்னு நம்பிட்டேதான் தூக்கினேன். சில வீட்டுக்குதான் வரும். எந்த வீடுன்னு முடிவு பண்ண இப்ப பாத்துக்கறவங்களோட சுமைய அளக்கற ஸாரிட் கேள்வித்தாள வச்சு 22 கேள்வி கேட்டுட்டு இருக்கேன், அதுவும் ஆராய்ச்சியில வந்ததுதான். அக்கா வீட்டுக்கு இன்னும் போகல.