கடலுக்குப் போகாத ஆறுகள்

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து தெற்கே கிளம்பி ஒன்றரை மணி நேரம் இருக்கும். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "அவாஷ்" என்றார். எட்டிப் பார்த்தேன். ஓடுகிற ஆறு எதுவும் தெரியவில்லை. ஆற்றை மறித்து 1960-இல் கட்டிய கோகா அணையின் நீர்தான் பழுப்பாக விரிந்து கிடந்தது. கரையோரம் வெங்காய வயல்கள், மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்திருந்த பையன்கள்.

"இது எந்தக் கடலில் கலக்கிறது?" என்று கேட்டேன்.

"கடலா? இது கடலுக்குப் போகாது" என்றார், நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல.

அவர் சொன்னது சரிதான். தலைநகருக்கு மேற்கே மலையில் பிறக்கும் அவாஷ் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. லூசி என்று உலகம் அழைக்கும் மனித மூதாதையின் 32 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகள் 1974-இல் கிடைத்த ஹதாரும் இதன் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அதற்கும் கீழே போய், ஜிபூட்டி எல்லையில் அபே என்ற உப்பு ஏரியில் ஆறு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கடல் இன்னும் சுமார் 100 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரம் ஓடிவந்த ஆறு அந்தக் கடைசித் தூரத்தைக் கடப்பதில்லை.

1993-இல் எரித்திரியா தனி நாடானபோது மசாவா, அசாப் துறைமுகங்களும் கூடவே போயின. எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லாமல் போனது அப்போதுதான். நாட்டுக்கு நேர்ந்தது அண்மையில். அவாஷ் ஓடும் இந்தப் பிளவுப் பள்ளத்தாக்கின் தண்ணீருக்கோ அது எப்போதோ நேர்ந்துவிட்டது.

இந்தப் பள்ளத்தாக்கு ஆறு அரித்து உண்டானது அல்ல. பூமியின் மேலோட்டில் மேற்கே ஒரு தட்டு, கிழக்கே ஒரு தட்டு, இரண்டும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன. நடுவிலுள்ள நிலம் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மேடு, நடுவில் தொட்டி. மழைநீர் தொட்டிக்குள் வரும், வெளியே போக வழி கிடையாது. 2005-இல் வடக்கே அஃபார் பகுதியில் சில வாரங்களுக்குள் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து, சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியது. இப்படியே போனால் பல லட்சம் ஆண்டுகள் கழித்துக் கடலே உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். துறைமுகத்துக்காக அதுவரை யார் காத்திருப்பது!

சிவாய் ஏரியில் அதிக நேரம் நிற்கவில்லை. ஊருக்கு இப்போது பத்து (Batu) என்று பெயர். கரையை ஒட்டிப் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அங்கே மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சிவாய் நல்ல தண்ணீர். ஏனென்றால் அதற்கு வடிகால் உண்டு. புல்புலா என்ற சிற்றாறு அதிலிருந்து புறப்பட்டுத் தெற்கே அபியாட்டா ஏரிக்குப் போகிறது. அபியாட்டாவுக்கு வடிகால் இல்லை. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது.

அபியாட்டாவை ஒரு மேட்டிலிருந்து பார்த்தேன். அதுதான் இந்தப் பயணத்தில் நான் நீண்ட நேரம் நின்ற இடம். வலது கையில் அபியாட்டா, இடது கையில் ஷாலா, நடுவில் ஒரு ஒல்லியான மலைமுதுகு. ஷாலா பழைய எரிமலை வாய். ஆழம் 266 மீட்டர். கரையிலிருந்தே கறுநீலமாக இருக்கிறது. அபியாட்டாவோ தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி ஆழமில்லாமல் வெளிறிக் கிடக்கிறது. பாசனத்துக்காக மேலே சிவாயிலும் புல்புலாவிலும் தண்ணீர் எடுக்கிறார்கள், ஏரியிலிருந்தே சோடா உப்புக்காகவும் இறைத்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏரியைச் சுருக்கிவிட்டன.

கரை என்று நினைத்து இறங்கி நடந்தேன். அரைமணி நேரம் நடந்தும் தண்ணீர் வரவில்லை. காலடியில் வெள்ளைப் பொருக்கு அப்பளம்போல நொறுங்கியது, அதற்குக் கீழே கறுப்புச் சேறு. ஒரு காலை வைத்தேன், கணுக்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்தபோது ஷூ மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. தூரத்தில் பூநாரைகள் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. அவற்றுக்கு இந்த உப்புத் தண்ணீர் பிரச்சினையில்லை, அதில் வளரும் பாசிதான் சாப்பாடு.

பாவம், கூழைக்கடாக்கள்தான். அவை ஷாலாவின் தீவில் கூடு கட்டும். ஷாலாவில் பிடித்துத் தின்ன மீன் இல்லை என்பதால், மலைமுதுகைத் தாண்டி அபியாட்டாவுக்குப் போய் மீன் பிடித்துவந்து குஞ்சுகளுக்குக் கொடுத்தன. அபியாட்டாவில் உப்பேறி மீன் அற்றுப்போனது. பிறகு இரைக்காகச் சிவாய் வரை பறக்க வேண்டியதாயிற்று. ஒரு ஏரி கெட்டால் பக்கத்து ஏரியில் குஞ்சு பட்டினி கிடக்கும் என்று இதற்கு முன் நான் யோசித்ததில்லை.

ஷாலாவின் கரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பையன்கள் மக்காச்சோளத்தை அதில் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். லேசான கந்தக வாடை, மற்றபடி நன்றாகவே இருந்தது.

ஹவாசா ஏரி மேலே சொன்ன கணக்குக்கு அடங்காதது. அதற்கும் வெளியே தெரிகிற வடிகால் இல்லை, ஆனாலும் நல்ல தண்ணீர். நிலத்தடியில் கசிந்து போகிறது என்பதே இதற்குச் சொல்லும் விளக்கம். காலையில் அமோரா கெடல் மீன் சந்தைக்குப் போனால் விளக்கமெல்லாம் மறந்துவிடும். படகுகள் கரை ஒதுங்குகின்றன, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கிறார்கள். முக்கால்வாசி நம் ஊரில் ஜிலேபி என்று விற்கும் அதே மீன்தான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், செவுளுக்குப் பின்னால் ஒரு கீறல், முதுகோடு ஒரு இழுப்பு, அப்புறம் தோலைப் பல்லால் கவ்வி உரித்து, முள்ளில்லாத துண்டு இரண்டைத் தட்டில் போட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டு சிலர் அதைப் பச்சையாகவே தின்றார்கள். நான் பொரித்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆள் உயரத்துக்கு மராபூ நாரைகள், வழுக்கைத் தலையோடு, கடன் வசூலிக்க வந்தவர்கள்போல எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் நின்றுகொண்டிருந்தன.

டிரைவர் சாப்பிட்டுக்கொண்டே நீல நைலைப் பற்றிப் பேசினார். இங்கே அதன் பெயர் அபாய். தானா ஏரியிலிருந்து புறப்பட்டு சூடானுக்குள் போய்விடும் ஆறு. "அபாய்க்குத் தங்க இடமில்லை, மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறது" என்று ஒரு பழமொழி உண்டாம். இந்தப் பள்ளத்தாக்கு ஆறுகளுக்கு நேரெதிர்க் குணம். இவற்றுக்குத் தங்க மட்டும்தான் இடம் உண்டு.

கடைசி நிறுத்தம் அர்பா மின்ச். நாற்பது ஊற்று என்று பொருள். மேட்டில் நின்றால் கீழே இரண்டு ஏரிகள்: வண்டலால் செம்மண் நிறத்தில் அபாயா, நீலமாக சாமோ. இடையிலுள்ள நிலத்தைக் கடவுளின் பாலம் என்கிறார்கள்.

சாமோவில் படகு இரண்டு மணிக்கு என்றார்கள். மதியம் இரண்டுக்குப் போய் நின்றேன், ஆளில்லை. இங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது, நம் பழைய நாழிகை மாதிரி. இரண்டு மணி என்றால் காலை எட்டு! ஐந்து நாளாக அந்த நாட்டில் இருந்துகொண்டு இதைக் கோட்டைவிட்டது என் தப்பு. நல்லவேளை, "பத்து மணிக்கு", அதாவது மாலை நான்குக்கு, இன்னொரு படகு இருந்தது.

முதலைகள் சேற்றுத் திட்டில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கிடந்தன. மிகப் பெரியது எங்கள் படகில் முக்கால் பங்கு நீளம். எஞ்சினை அணைத்ததும் நீர்யானைகளின் பெருமூச்சு மட்டும் கேட்டது. அவற்றுக்கு அப்பால் ஒரு மீனவர் மிதந்து போனார். நம் நெட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம், தக்கைபோல எடையில்லாதது. அதில் ஏழெட்டுக் கட்டையைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். முழங்கால் வரை தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பிறகு வலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

படகுக்காரர் என்னிடம், உங்கள் ஊர் ஆறு எங்கே போகிறது என்று கேட்டார். மதுரைக்காரன் என்ன சொல்வது? "ஒரு பெரிய கண்மாய்க்கு. கடலுக்கு எப்போதாவது" என்றேன்.

"முதலை உண்டா?"

"தண்ணீர் இருந்தால்தானே" என்றேன்.