கூடை இறங்கிய பிறகும் குனிந்திருக்கும் கழுத்து

தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் வேலைநாள் தராசில் முடிகிறது. குறித்த கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அதையும் பெரும்பாலும் எல்லோர் முன்னிலையிலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படி நிறுக்கப்படுகிறவர் தம்மையும் அந்தத் தராசிலேயே வைத்துப் பார்க்கப் பழகிவிடுகிறார் என்பதை, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை வேளைகளில் பெண்களோடு பயிற்சி செய்துவரும் நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

தன்மதிப்பை அளப்பதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் மொரிஸ் ரோசன்பேர்க் 1965இல் வெளியிட்ட 10 கூற்றுகள் இன்றும் பல நாடுகளில் பயன்படுகின்றன. மற்றவர்களுக்குச் சமமாகவேனும் தாம் பெறுமதியுள்ளவர் என ஒருவர் உணர்கிறாரா என்பது அவற்றுள் ஒன்று. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், இதைக் கேட்டால், பதில் வாயால் வருமுன் உடம்பால் வந்துவிடுகிறது: தோள் ஒடுங்கும், முந்தானை வாயை மூடும், "நமக்கு என்னா இருக்கு" என்ற குரல் பாதியில் அமுங்கும். நல்ல வாசகங்களை உரக்கச் சொல்லவைத்தே தன்னம்பிக்கை வளர்க்க முயலும் பட்டறைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இதுவே காரணம்.

ஆகவே தசையிலிருந்து தொடங்குகிறோம். தலையில் மாட்டிய கூடைக்கயிறு நாள் முழுதும் இழுத்த கழுத்து, கூடை இறங்கிய பிறகும் அதைச் சுமந்தபடியே இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத்தளர்வு முறைப்படி, தோள்களைக் காதுவரை உயர்த்திச் சில நொடிகள் இறுக்கி, ஒரேயடியாக விடுகிறோம். அடுத்து கைமுட்டி, பிறகு தாடை. களைப்பை நன்கறிந்த இப்பெண்கள், இறுக்கத்தை அது விலகும்போதுதான் இனங்காண்கிறார்கள். அதன்பின் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுகிறோம். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பு தணிகிறது. கண்ணை மூடும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை. மூடியதும் பழைய பயங்கள் எழுகிறவர்களும் உண்டு. இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பேச்சு இதற்குப் பிறகுதான். தன்பரிவு குறித்து 2003 முதல் எழுதிவரும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தோழிக்குச் சொல்வதைத் தனக்கும் சொல்லப் பழகுமாறு கூறுகிறார். பக்கத்துக் காம்பராக்காரி, அதாவது அடுத்த வீட்டுக்காரி, அரைப்பேரோடு அழுதுகொண்டு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "காஞ்ச மலையில கொழுந்து எங்கக்கா இருக்கும், ஒங்க கைமேல என்னா குத்தம்" என்றார் ஒருவர். அதையே நெஞ்சில் கைவைத்துத் தமக்குச் சொல்லச் சொன்னபோது முதலில் வெட்கச் சிரிப்புதான் எழுந்தது. தளர்ந்த உடம்பில் அந்தச் சொற்கள் ஓரளவு தங்குகின்றன. இறுகிய உடம்போடு சொன்னபோது ஒப்புவித்த பாடமாகவே ஒலித்தன.

இப்பயிற்சி அரைப்பேரை முழுப்பேராக்காது. அது தொழிற்சங்கமும் சம்பள நிர்ணய சபையும் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. மூச்சை விடக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசாதிருப்பது எனக்கு உடன்பாடில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டவர்களையும், வாழப் பிடிக்கவில்லை என்பவர்களையும் பயிற்சியோடு நிறுத்திவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.