கீழிருந்து வரும் வெளிச்சம்: எண்பதுகளின் கார்ட்டூன் வாளை வீட்டில் எரியவைத்த கதை

வாள் ஒருவழியாக எரிகிறது. காட்சி மிகச் சின்னதுதான். ஒருவன் வாளை மேலே தூக்குகிறான், அலகு வெள்ளையாகப் பற்றிக்கொள்கிறது, ஓரத்தில் நீலம் கசிகிறது. கணினியில் எந்த எஃபெக்டும் சேர்க்கவில்லை, எல்லாம் கேமராவுக்குள்ளேயே பதிவானது. இன்னும் பாதி வேலை பாக்கி. அதற்குள் இதுவரை நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன்.

தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் எந்த வெளிச்சத்தைச் சொல்கிறேன் என்று தெரியும். ஆள் நடப்பது விறைப்பாக இருக்கும். போன வாரம் ஓடிய அதே ஓட்டத்தைத்தான் இந்த வாரமும் ஓடுவான். ஆனால் வாளைத் தூக்கிவிட்டால் கண் கூசும். பெயிண்டால் அப்படிக் கூச வைக்க முடியாது. எவ்வளவு நல்ல வெள்ளையாக இருந்தாலும் தன்மேல் விழுகிற ஒளியைத்தான் அது திருப்பித் தரும். அதனால் கறுப்பு மறைப்பில் வாள் வடிவத்துக்கு ஓட்டை வெட்டி, அடியில் விளக்கை வைத்து, அந்த ஒளியையே ஃபிலிமில் இரண்டாம் முறை பதித்தார்கள். பேக்லிட் அனிமேஷன் என்பது இதுதான். 1982இல் வந்த ட்ரான் படத்தில் கணினி உலகத்து ஆட்கள் ஒளிர்வதும் இப்படித்தான். நடிகர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் ஹை-கான்ட்ராஸ்ட் ஃபிலிமில் பெரிதாக்கி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சித் திரும்பப் படம் பிடித்தார்கள். கணினி போட்ட படம் என்று பெயர் வாங்கிய படத்தில் கைவேலை அவ்வளவு.

என்னுடைய மேடை எளிமையானது. பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடி, அதைத் தாங்க இரண்டு பக்கமும் மரக்கட்டை, அடியில் சீலிங்கில் மாட்டுகிற எல்இடி பேனல், மேலே குனிந்து பார்க்கும் கேமரா. படங்கள் நகராமல் இருக்க ஸ்டுடியோக்களில் பெக் பார் வைத்திருப்பார்கள். நமக்கு ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போதும். அது போடும் ஓட்டைகளுக்கு நடுவே எப்போதும் 80 மி.மீ. இடைவெளி இருக்கும். அதே இடைவெளியில் கட்டையில் இரண்டு மரமுளைகளை அடித்துவிட்டால் எந்த ஷீட்டும் அசையாமல் உட்காரும்.

படத்துக்கு ஓ.எச்.பி. ஷீட், அதாவது புரொஜெக்டரில் வைக்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட். பென்சில் கோடுகளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அதன்மேல் பிரதி எடுத்துக்கொண்டேன். டிஸ்னி ஸ்டுடியோ 1961இல் நூற்றியொரு நாய்க்குட்டிகள் படத்துக்குக் கையாண்டதும் இதே ஜெராக்ஸ் முறைதான், கையால் மையிடுகிற வேலை அதோடு குறைந்தது. சாதாரண பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுபோனால் கடை அண்ணன் "உருகி மிஷின்ல ஒட்டிக்கும் தம்பி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஜெராக்ஸுக்கென்றே விற்கும் ஷீட்தான் வேண்டும்.

வண்ணம் அடிப்பது ஷீட்டின் பின்பக்கம். அங்கே எல்லாம் தலைகீழ் வரிசை: கண்ணின் கருவிழி முதலில், பிறகு வெள்ளை, கடைசியில்தான் முகம். போஸ்டர் கலர் காய்ந்ததும் உதிர்கிறது, அக்ரிலிக் நிற்கிறது. இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்தால் தூரிகைத் தடம் தெரிவதில்லை.

சுவாரசியமே இனிமேல்தான். அந்தக் காலத்தில் காட்சி முழுவதையும் ஒருமுறை எடுத்து, ஃபிலிமை முதல் ஃபிரேமுக்கே சுற்றிக் கொண்டுவந்து, மறுபடியும் மறைப்போடு எடுப்பார்கள். இரண்டாம் சுற்றில் ஒரு ஃபிரேம் தவறினால் முதல் சுற்றும் சேர்ந்து வீண். என்னிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா, அதனால் ஷட்டரைத் திறந்தே வைத்துவிடுகிறேன். அறை முழு இருட்டு. மேல் விளக்கு இரண்டு விநாடி, படம் பதிகிறது. விளக்கை அணைத்து, இருட்டிலேயே செல்லையும் (வண்ணம் அடித்த ஷீட்டுக்கு அனிமேஷனில் அதுதான் பெயர்) பின்னணியையும் உருவி, தடவித் தடவி மறைப்பை முளையில் மாட்டுகிறேன். பிறகு கீழ் விளக்கு. செல்லில் வாள் இருக்கும் இடத்தைக் கறுப்பாக விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே அங்கே ஒளி ஏறிவிடும். மோடத்தின் பச்சை விளக்கு, கேமராவின் பின்திரை இரண்டையும் மூடியாக வேண்டும், கண்ணாடியில் அவை பிரதிபலிக்கின்றன. கேமராவில் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுவதும் திரும்பக் காத்திருக்க வைக்கும்.

கறுப்பு சார்ட் ஒன்று மட்டும் போதாது. எல்இடி அதை ஊடுருவிப் பழுப்பாகத் தெரிகிறது. சார்ட்டின் பின்னால் அலுமினியம் ஃபாயில் ஒட்டியதும் இருட்டு இருட்டாக ஆனது. ஃபாயிலில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் படத்தில் நட்சத்திரமாக வருகிறது. விண்வெளிக் காட்சி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதுவும் ஒரு வழி.

வெறும் ஓட்டை வழியாக எடுத்தால் வாள் வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி இருக்கிறது, ஒளி பரவுவதில்லை. அதனால் கீழ் விளக்கை இரண்டாகப் பிரித்தேன். முதலில் வெறும் ஒளி, கூர்மையாக: அலகின் வெள்ளை மையம். அடுத்து போட்டோ ஸ்டுடியோவில் விளக்குக்குப் போடும் நீல ஜெலட்டின் ஷீட், கூடவே லென்ஸுக்கு முன்னால் லேசாக வாசலின் தடவிய ஒரு கண்ணாடி. கேமராவைத் தொடாமல் அந்தக் கண்ணாடி தனி அட்டைத் தாங்கியில் நிற்கிறது. நீலம் விளிம்பைத் தாண்டி அவன் கைமேல் வழிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தால் வாள் செத்தே கிடந்தது. விடை நெல்சன் ஷின்னிடம் கிடைத்தது. 1977 ஸ்டார் வார்ஸின் லைட்சேபர் எனும் ஒளிவாள்களுக்கு ஒளி வரைந்த அனிமேட்டர் அவர், 1986இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் படத்தை இயக்கியவரும் அவரே. ஒளிக்கு நடுக்கம் வேண்டும் என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் பிரகாசத்தை மாற்றியிருக்கிறார். நானும் நீலத்தை மூன்று விநாடி, இரண்டு விநாடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சீராக மாற்றினால் ஸ்டார்ட்டர் போன ட்யூப்லைட் மாதிரி துடிக்கிறது. கணக்கில்லாமல் கலைத்துப் போட்டதும் உயிர் வந்தது.

ஒரு விநாடிக்கு 12 படம் என்று வைத்தாலே, படத்துக்கு மூன்று முறை விளக்குப் போட்டு, 36 வெளிச்சம். இதைச் செய்த பிறகு, ஹீ-மேனை எடுத்த ஃபில்மேஷன் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டதைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. ஒரு சீசனுக்கு 65 பாகம், வேலையையும் அமெரிக்காவிலேயே வைத்துச் செய்தார்கள். ஒருமுறை உருப்படியாக எரிந்த வாளை நானாக இருந்தாலும் எல்லா பாகத்திலும் போட்டிருப்பேன். மென்பொருளில் இந்த ஒளியைச் சில நிமிடத்தில் கொண்டுவரலாம், நன்றாகவும் இருக்கும். எனக்குப் பிடித்தது மறைப்பைக் கையால் வெட்டுவதால் விளிம்பு படத்துக்குப் படம் கொஞ்சம் பிசகுகிறதே, அதுதான்.

அடுத்தது மந்திரக் கவசம். ஃபில்மேஷன் இதற்கு மோரே வடிவங்களைப் பயன்படுத்தியது. நெருக்கமான கோடுகளோ புள்ளிகளோ உள்ள இரண்டு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நகர்த்தினால் அலையலையாக ஒரு கோலம் ஓடும். கொசுவலைத் துணி இரண்டு துண்டை எல்இடி பேனல்மேல் போட்டு ஒன்றை மட்டும் திருப்பிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. பச்சை ஜெலட்டின் கிடைத்ததும் அதைப் படமாக்கப் போகிறேன்.